சீல் வைத்த பாட்டிலும் திறந்த ஜாடியும்

அரசு ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். புளிக்கவைத்த தேநீரை இப்போது பாட்டிலில் அடைத்துக் கடைகளில் விற்கிறார்களாம். அதில் சாராயச் சத்து எவ்வளவு என்று மூன்று முறைகளில் அளந்தால் மூன்று எண் வருகிறது, எதை நம்புவது என்று கேட்டார். அமிலம், சர்க்கரை, காய்ச்சி வடித்தல் என்று புத்தகத்தில் இருப்பதையெல்லாம் பத்து நிமிஷம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்குமாக.

நான் இந்த வேலைக்கு வந்தது அறுபதுகளின் பின்பாதியில். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். இராயபுரத்தில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். ஜன்னலைத் திறந்தால் ஒருபக்கம் கருவாட்டு வாசனை, இன்னொரு பக்கம் ரயில் கரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மாவுக்கு என் வேலை என்ன என்று கடைசிவரை விளங்கவில்லை. "கண்ணாடிக் குப்பி வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

அங்கே ஒரு தராசு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட முள் அசையும். சேர்ந்த முதல் வாரம், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு காகிதத் துண்டை அதில் நிறுத்தேன். பிறகு அந்தக் காகிதத்தில் பென்சிலால் என் பெயரை எழுதி மறுபடி நிறுத்தேன். எடை கூடியிருந்தது. என் பெயருக்கு எடை இருந்தது.

அந்தத் தராசில்தான் வழக்குச் சரக்குகளை அளப்போம். போலீஸ் பிடித்துவரும் திரவத்தைக் காய்ச்சி வடித்து, வடித்ததை ஒரு சின்னக் குப்பியில் நிரப்பி நிறுக்க வேண்டும். சாராயம் தண்ணீரைவிட லேசு. எவ்வளவு லேசு என்று தெரிந்தால், எவ்வளவு சாராயம் என்று அட்டவணை சொல்லிவிடும். ஒரு மிளகின் எடைகூட வராத வித்தியாசம் அது. அதை வைத்து மனிதர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். சான்றிதழில் ஒரே ஒரு கட்டம். அதில் நான் எழுதும் எண். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சித்திரை மாதத்து முற்பகல், திருவொற்றியூர்ப் பக்கத்து ஏட்டு ஒருவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு பீங்கான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜாடியின் வாயில் துணி கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். மேலே வட்டமாக, விரல் கனத்துக்கு, வெளுத்த ஒரு தோல் மிதந்தது. பாலில் படியும் ஆடையைப் பத்து மடங்கு தடிப்பாக்கியதுபோல. அதன் அடியில் செந்நிறத் தண்ணீர், ஓரங்களில் மெல்லிய நுரை.

எங்கள் கூடத்து உதவியாளர் தனகோட்டி எட்டிப் பார்த்தார். காசிமேட்டுக்காரர், அவருக்கு எதைப் பார்த்தாலும் மீன்தான் நினைவுக்கு வரும். "இன்னா சார் இது, உள்ள சொறிமீன் படுத்துகினு கீது."

"டீயாம்பா," என்றார் ஏட்டு. "பர்மாலேர்ந்து கப்பல்ல வந்தாங்களே, எண்ணூர்ல குட்ச போட்டுக் குடுத்தாங்க இல்ல, அதுல ஒரு பொம்பள. பேரு ராக்கம்மா. பாக்டரி கேட்டாண்ட கிளாஸ்ல ஊத்தி விக்கிது. வவுத்துக்கு நல்லதாம். டீ எங்கனா நுரைக்குமா சார்? சரியான ஊறலு."

ஊறல் என்றால் சாராயம் காய்ச்சுவதற்காகப் புளிக்கவைக்கும் கலவை. அந்த வார்த்தை போதும் அந்தக் காலத்தில்.

விதிப்படி எந்தச் சரக்கும் சீல் வைத்த பாட்டிலில்தான் வர வேண்டும். துணி கட்டிய ஜாடியை வாங்கக் கூடாது. "உங்க கையாலயே போட்டுக்கங்க சார், எனக்கு அத்தத் தொடவே அருவருப்பா கீது," என்றார் ஏட்டு. நானும் போட்டேன். இரண்டு பாட்டில்கள், ஒன்று பரிசோதனைக்கு, இன்னொன்று கோர்ட்டுக்காகத் தனியே வைக்க. காற்று இருந்தால் சரக்கு கெடும் என்று கழுத்துவரை நிரப்பினேன். புதுக் கார்க் அடித்தேன். கம்பியால் கட்டினேன். அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைத்தேன். முத்திரையின் ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. ஜாடியை மறுபடி துணி கட்டி ஏட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கள் வந்தால் வரிசையை உடைத்து அன்றைக்கே பார்ப்போம். அது நாளாக ஆக மாறும் என்று கூட்டுகிறவர் வரைக்கும் தெரியும். ஆனால் இதைப் பதிவேட்டில் நான் 'டீ' என்று ஏற்றியிருந்தேன். டீ எங்கே ஓடிவிடப் போகிறது என்று வரிசையின் கடைசியில் வைத்துவிட்டேன். முறை வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. கத்திரி வெயில்.

அரக்கைச் சுரண்டிக் கம்பியை அவிழ்த்தேன். கார்க் என் காதோரமாகப் பறந்து மேலே மின்விசிறியில் பட்டுத் தெறித்தது. பாட்டில் பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது.

"சோடா கம்பெனிக்கு எழுதிப் போடலாம் சார்," என்றார் தனகோட்டி, துணியோடு வந்து.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் நடந்துகொண்டிருப்பதுதான். வடித்து நிறுத்தால் ஒரு எண். கொதிநிலை பார்க்கும் கருவியில் வைத்தால் அதைவிடக் குறைவாக ஒன்று. ரசாயனத்தால் எரித்துப் பார்த்தால் இரண்டையும்விட அதிகம். மூன்றும் ஒரே பாட்டிலிலிருந்து எடுத்தவை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பிடிபட்டது: அந்தத் தேநீரில் காடி, வினிகர் என்கிறோமே அது, நிறைய இருந்தது. வடிக்கும்போது காடியும் சேர்ந்து ஆவியாகி வந்து, சாராயத்தின் லேசை மறைத்தது. முதலில் சோடாக் காரம் சேர்த்துக் காடியின் வேகத்தை அடக்கிவிட்டு வடித்துப் பார்த்தேன். மூன்று முறைகளும் ஒரே எண்ணில் வந்து நின்றன. இரண்டரை சதவீதம்.

அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் தனித்தனி வழியில் வந்து ஒரே வார்த்தையைச் சொன்னதுபோல் இருந்தது. கோயிலில் நிற்கிறமாதிரி அந்தத் தராசின் முன்னால் நின்றேன். தலைமை ஆய்வாளர் என் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, "சுத்தமான வேலை," என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சான்றிதழ் கோர்ட்டுக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து அதே ஏட்டு வேறு வழக்குப் பாட்டில்களோடு வந்தார். ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது சும்மா பேச்சுக்கு, "அந்த டீ ஜாடி என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

ஏட்டு சிரித்தார். "அத்த ஏன் கேக்கற சார். ஸ்டேஷன் மூலைல துணி கட்டினாப்பல அப்டியே கெடந்துச்சு. போன வாரம் தொறந்தா மூக்க அறுக்குது. சுத்தக் காடி. எங்க வூட்ல ஒரு சொம்பு மொண்டுகினு போயி மாங்கா ஊற போட்டாங்க. ரைட்டரு வூட்லயும் ஒரு சொம்பு."

"கேசு சரக்க ஊறுகா போட்டீங்களா?" என்றார் தனகோட்டி.

"யாராண்டயும் சொல்லாதபா. ஊறுகா நல்லாதான் கீது."

தனகோட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை மூடிவிட்டு ஏட்டோடு ஸ்டேஷனுக்கே போனேன். ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து, வந்த கையோடு அளந்தேன். சாராயம் இல்லை. இருந்தது என்று சொல்லக்கூடிய அளவுக்கு இல்லை.

ஒரே ஜாடி. ஒரே நாளில் பிரிந்தது. துணி கட்டியது காடியாகப் போயிருந்தது. அரக்கு வைத்தது சாராயமாகப் போயிருந்தது. அந்தத் தோலிலும் தண்ணீரிலும் இரண்டு வகை உயிர்கள் குடியிருந்தன என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்று சர்க்கரையைச் சாராயமாக்கும். இன்னொன்று அந்தச் சாராயத்தைத் தின்று காடியாக்கும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். நான் கழுத்துவரை நிரப்பி, கார்க் அடித்து, கம்பி கட்டி, அரக்கு ஊற்றி அந்த இரண்டாவதின் மூச்சை நிறுத்தியிருந்தேன். மூன்று வாரம், கத்திரி வெயிலில், அரசாங்க முத்திரைக்குள் நானே சாராயம் காய்ச்சியிருந்தேன். அதை மூன்று முறைகளில் துல்லியமாக அளந்தும் கொடுத்திருந்தேன்.

தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சான்றிதழின் நகலை எடுத்து மேஜையில் விரித்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது அவர் மனதிலும் ஓடியிருக்கும்.

"அப்படியானால் பிடித்த நாளில் அதில் எவ்வளவு இருந்தது?"

"தெரியவில்லை சார்."

"கோர்ட்டுக்குப் போன தாளில் இரண்டரை என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. இப்போது போய்த் தெரியவில்லை என்றால், ஆளைப் பார்த்து மாற்றிப் பேசுகிறோம் என்பார்கள். தெரியவில்லை என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும் அப்பா. அதைக் கொண்டு வா. பிறகு இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போடுவோம்."

ஆதாரத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அந்தத் தேநீரை அதே கைகள் மறுபடி போட வேண்டும்.

எண்ணூருக்குப் போனேன். மணலில் வரிசையாகக் குடிசைகள்; உப்புக்காற்றில் தகரமெல்லாம் அரித்துப்போய் நின்றன. ராக்கம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஜாமீனில் வந்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடின. நான் யார் என்று சொன்னேன்.

"முத்திர வச்ச தம்பியா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "ஜெயிலுக்குப் போனா இந்தக் குடிச போயிரும்ங்கிறாக. ரங்கூன்ல போட்டது போட்டபடி விட்டுட்டுக் கப்பலேறுனோம். இதையும் விட்டுட்டு எந்தக் கப்பல்ல ஏற?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒருக்கா போட்டதுக்கே கேசு. இன்னொருக்கா உங்க ஆபீசுலயே வந்து போடுன்னா, என்னிய என்னான்னு நெனச்சிட்டீக?"

"தப்பு என் பேரில் இருக்கலாம் அம்மா. அதைத்தான் பார்க்க வேண்டும்."

"தப்புன்னா அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க. அம்புட்டுத்தான?"

"கிழிக்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நீங்களும் மாட்டிக்கிட்டீகளா," என்றார். அந்த ஒன்றுதான் அவருக்கு நம்பிக்கை கொடுத்தது என்று நினைக்கிறேன். உள்ளே போய், அடுத்த வீட்டில் கொடுத்து வைத்திருந்த ஒரு துண்டு ஆடையை ஈயச் சட்டியில் வாங்கிவந்தார். அந்தத் தோலை அவர் 'ஆடை' என்றுதான் சொன்னார். ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனாக்காரி கொடுத்ததாம். கப்பலில் வரும்போது சேலை முந்தானையில் நனைத்துச் சுற்றி எடுத்துவந்தாராம். "ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன். யாரும் அத இறுக்கி மூடக் கூடாது."

தலைமை ஆய்வாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். ராக்கம்மா எங்கள் கூடத்து ஸ்டவ்வில் டீ காய்ச்சினார், சர்க்கரை போட்டார், ஆறவைத்தார், ஆடையைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விட்டார், துணி கட்டினார்.

"இன்னாமா இது," என்றார் தனகோட்டி, "மதுவிலக்கு ஆபீசுல ஊறல் போடற மொத ஆளு நீதான்."

"அண்ணே, நீங்க அந்தத் துணியத் தொறந்து தொறந்து பாக்காம இருந்தாச் சரி."

தினம் காலையில் கொஞ்சம் எடுப்பேன். எடுத்த உடனேயே உயிர்களைக் கொல்லும் மருந்து இரண்டு துளி விடுவேன், எண் அந்த நாளோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக. பிறகு அளப்பேன். வரைபடத் தாளில் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. சாராயம் ஏறிற்று. நாலாம் நாள் ஒன்றரைக்குப் பக்கத்தில் நின்றது. அன்று ராக்கம்மா வந்து துணியைத் தூக்கி முகர்ந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னிக்கு உச்சி. நாளையிலேர்ந்து எறங்கும். எட்டாம் நாள்தான் நான் விக்கிறது."

எனக்குத் தராசு வேண்டியிருந்தது, வடிகலம் வேண்டியிருந்தது, ஒரு முழு முற்பகல் வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு சொட்டு போதும். ஐந்தாம் நாள் புள்ளி கீழே விழுந்தது. ஆறாம் நாள் இன்னும் கீழே. எட்டாம் நாள் அரை சதவீதம். புள்ளிகளைக் கோடாகச் சேர்த்தபோது ஒரு சின்ன மலை மாதிரி வந்தது, ஏறி, இறங்கி. ஒரு ஜாடித் தண்ணீர் எட்டு நாளாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை அது வரைந்துகொடுத்திருந்தது. தராசில் என் பெயருக்கு எடை இருந்ததைப் பார்த்த அன்றுகூட நான் இப்படி நின்றதில்லை. எட்டாம் நாள் சரக்கில் ஒரு பாட்டிலை முன்போலவே நிரப்பிச் சீல் வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். இந்தத் தடவை முகத்தை நகர்த்திக்கொண்டேன். இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு.

தலைமை ஆய்வாளர் வரைபடத்தைப் பார்த்தார். "எட்டாம் நாளிலும் அரை இருக்கிறதே. அரை என்றாலும் சாராயம்தானே, என்று கேட்டால்?"

தனகோட்டி அப்போது மூலையில் தன் தூக்குவாளியைத் திறந்து பழையதைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் போய் அந்த நீராகாரத்தில் ஒரு தம்ளர் கேட்டு வாங்கி, வடித்து அளந்தேன். கொஞ்சம் இருந்தது. மிகக் கொஞ்சம், ஆனால் இருந்தது.

தனகோட்டி எண்ணைப் பார்த்தார், தன் தூக்குவாளியைப் பார்த்தார். "அப்ப எங்கப்பா, எங்க தாத்தா, காசிமேடு பூரா காலங்காத்தால தண்ணி போட்டுகினுதான் கடலுக்குப் போச்சா சார்?"

தலைமை ஆய்வாளர் அன்று சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதையும் குறிப்பில் சேர். ஆனால் குற்றமா இல்லையா என்று எழுதாதே. அது உன் மேஜை இல்லை," என்றார். "கோர்ட்டில் பிடித்த அன்று எவ்வளவு என்று கேட்பார்கள். அரை என்று சொல்லப் போகிறாயா?"

அந்தக் கேள்வியில்தான் நான் தடுமாறினேன். அரை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் உள்ளே ஓடியது கண்ணுக்குள் நின்றது. ராக்கம்மா பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரியும். ஆனால் எட்டாம் நாள் என்பது அவருடைய சொல். என் தராசு அதைப் பார்க்கவில்லை.

"எட்டாம் நாள் என்றால் அரை சார். நாலாம் நாள் என்றால் ஒன்றரை. டீ போட்டு எத்தனையாம் நாளில் பிடித்தார்கள் என்று பாட்டில் எனக்குச் சொல்லவில்லை."

"அப்படியே சொல்."

விசாரணை நாளன்று காலையில் பார்த்தால் அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அர நாள் லீவு சொல்லிட்டேன். நீ கோர்ட்ல பேசறத பாக்கணும்." துறைமுகத்தில் தன் கூட்டத்தாரிடம் எல்லாம் சொல்லியிருந்தார்: சர்க்கார் வக்கீலே எழுந்து நின்று எம் பிள்ளையைக் கேட்பார், அவன் சொல்வதை ஜட்ஜு எழுதிக்கொள்வார் என்று. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட்டில் அவர் இடம் தேடிப் போய், தெரியாத்தனமாக, பெஞ்சில் ராக்கம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் கூண்டில் ஏறினேன். புதுக் குறிப்பும் வரைபடமும் மாஜிஸ்திரேட்டிடம் போயின. சர்க்கார் வக்கீலுக்கு எரிச்சல்.

"உமது முதல் சான்றிதழில் இரண்டரை சதவீதம் என்று இருக்கிறது. அது உமது கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான். அந்த எண் சரி. ஆனால் அது பாட்டிலைத் திறந்த நாளுக்கு உரியது. அந்தச் சாராயத்தில் ஒரு பங்கு நான் சீல் வைத்த பிறகு உண்டானது."

"பிடிபட்ட நாளில் எவ்வளவு இருந்தது?"

"தெரியாது."

"உத்தேசமாக?"

"தெரியாது."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு பரிசோதனை செய்திருக்கிறீர். நாள்வாரியாகப் படம் போட்டிருக்கிறீர். இதற்குப் பிறகும் தெரியாதா?"

பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அப்பா முழங்காலில் கை வைத்து முன்னால் சாய்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் செய்ததால்தான் தெரியாது என்று சொல்ல முடிகிறது ஐயா. சீல் வைக்கும் அன்றே அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. அது என் தவறு. இனி யாராலும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது."

மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே ராக்கம்மாவை விடுதலை செய்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது; நான் அதற்கு விளக்கம் எழுதினேன்; நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் கூடத்துச் சான்றிதழில், எண் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், சரக்கு வந்த நாள், திறந்த நாள் என்று இரண்டு கட்டங்கள் வந்தன. உங்கள் படிவத்தில் இன்றும் இருக்கும். நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். மூன்று முறைகளும் ஒத்துப்போனால் சந்தோஷப்படுங்கள். அது உங்கள் கையிலிருக்கும் பாட்டிலைப் பற்றிய உண்மை. பாட்டில் எங்கிருந்து வந்தது, வழியில் அதற்கு என்ன செய்தோம் என்று அதற்கு மேலும் ஒரு தடவை யோசியுங்கள்.

கோர்ட்டிலிருந்து நானும் அப்பாவும் நடந்தே வந்தோம். இராயபுரம் பாலத்தடியில் அவர் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் அவரோடு மூட்டை தூக்கும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா, புள்ள கோர்ட்ல பேசிச்சா?"

"பேசிச்சு." அப்பா டீயை வாங்கி ஆற்றினார். "மூணு வாட்டி கேட்டாங்க. மூணு வாட்டியும் தெரியாதுன்னுச்சு."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ஜட்ஜு அத்த எழுதிகினாரு. அந்தம்மாவ வூட்டுக்கு அனுப்பிட்டாரு."

"இன்னாபா கத உடற. தெரியாதுன்னா உட்ருவாங்களா?"

அப்பா ஒரு வாய் குடித்தார். "நாம தெனம் சொல்றோம் தெரியாது தெரியாதுன்னு. எவன் எழுதிக்கறான்? அத்த படிச்சவன் சொல்லணும்பா."